டெமோ வகுப்பில் தண்ணீர் வந்த கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது மன்னிப்புக் கேட்கிற கட்டுரை இல்லை. வேலைத் தேர்வின் நடுவில் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய பெண் என்றுதான் எங்கள் சொந்தக்காரர்கள் என்னைக் கல்யாண வீடுகளில் அறிமுகம் செய்கிறார்கள். "இவதான் அது" என்பார்கள். 'அது' என்றால் எது என்று யாரும் கேட்பதில்லை. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. என் தம்பி பிரபு இந்தக் கதையைச் சொல்லும்போது நான் வெறுங்காலோடு ஓடியதாகச் சொல்வான். சுத்தப் பொய். செருப்புப் போட்டுக்கொண்டுதான் ஓடினேன். (ஒன்று வழியில் கழன்று விழுந்தது. அது வேறு விஷயம்.) கண்டவர்கள் கண்டபடி சொல்வதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வீடு அந்தமானில், போர்ட் பிளேர் ஷாதிபூரில். அப்பா தீவுகளுக்கு இடையே போய்வரும் படகில் எஞ்சின் டிரைவர். பரமக்குடிப் பக்கத்திலிருந்து இளவயதில் வந்தவர். நான் பிறந்தது, படித்தது, தெருக்குழாயில் சண்டை போட்டது எல்லாம் இங்கேதான். பி.எட். முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். ஒவ்வொரு பள்ளிக்கூடமாக ஏறி இறங்கினேன். 'பிறகு சொல்கிறோம்' என்றே எல்லோரும் சொன்னார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மதுரை மாமா தொலைபேசியில் வந்தார். அம்மாவின் அண்ணன். ஜவுளிக்கடை வைத்திருப்பவர். "புள்ளைய இங்க அனுப்பி விடுங்க மாப்ள. கடைல உக்காந்து வேலை பாக்கட்டும். நானே ஒரு நல்ல எடமாப் பாத்து முடிச்சு விடுறேன்" என்று அப்பாவிடம் சொன்னார். அம்மாவுக்கு வாயெல்லாம் பல். எனக்குப் பிடிக்கவில்லை. மதுரை மீது எனக்கு ஒன்றும் கோபமில்லை. மதுரையில் இருக்கிற என் மாமா பிள்ளைகள் மீதுதான் கோபம். லீவுக்குப் போகும்போதெல்லாம் "உங்க ஊர்ல கரண்ட் இருக்கா?", "வீடு ஜெயிலுக்கு உள்ளயா வெளியவா?", "ஸ்கூலுக்கு நீந்தியா போவீங்க?" என்று கேட்டுவிட்டு, பதில் சொல்வதற்குள் சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். அவர்கள் மத்தியில் வாழ்நாள் முழுவதும் புடவை மடித்துக்கொண்டிருப்பதா? செத்தாலும் மாட்டேன்.

அப்பா அதிகம் பேசமாட்டார். யோசித்து ஒரே ஒரு தீர்ப்புச் சொன்னார். "இந்த ஏப்ரலுக்குள்ள இங்க ஒரு வேலை கெடச்சா இரு. இல்லேன்னா மெயின்லேண்ட் கப்பல்ல டிக்கெட் போட்டுருவேன்."

ஏப்ரல் பிறந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு தனியார் பள்ளியிலிருந்து டெமோ வகுப்புக்கு அழைப்பு வந்தது. ஆறாம் வகுப்பு, ஆங்கில இலக்கணம். எண்ணக்கூடிய பெயர்ச்சொல், எண்ண முடியாத பெயர்ச்சொல். அதாவது வாழைப்பழத்தை ஒன்று, இரண்டு என்று எண்ணலாம். அரிசியையும் எண்ணெயையும் அப்படி எண்ண முடியாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இதைச் சரியாகச் செய்துவிட்டால் வேலை. சொதப்பினால் மதுரை. இவ்வளவுதான் கணக்கு.

பி.எட். கல்லூரியில் எங்களுக்குத் தலைகீழாக நின்று சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். படம் காட்டாதே, பொருளையே காட்டு. நான் சொன்னால் சொன்னபடி செய்கிறவள். முட்டை, வாழைப்பழம், எலுமிச்சம்பழம் ஒரு பையில். அரிசி, சர்க்கரை, உப்பு ஒரு பையில். தண்ணீருக்கு அம்மாவின் புது எவர்சில்வர் குடம், நிறைய. அதை ஊற்றிக் காட்ட ஒரு பெரிய பக்கெட்.

"ஏண்டி, தண்ணியக் காட்ட ஒரு டம்ளர் பத்தாதா?" என்றாள் அம்மா.

"டம்ளர்னா பின் பெஞ்சுக்குத் தெரியாதும்மா."

"தண்ணி என்ன கலர்னு தெரியாதா அவங்களுக்கு? இன்னிக்கு நம்ம லைனுக்குத் தண்ணி வர்ற நாளுடி. நல்ல பாத்திரமாப் பாத்துத் தூக்கிட்டுப் போறியே."

"தண்ணி வர்றதுக்குள்ள வந்துருவேன்" என்றேன். அந்த வாக்குறுதியை நம்பும்படி அம்மா முகத்தை வைத்துக்கொள்ளவில்லை.

தண்ணீர் வரும் நாள் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஊரில் மழை பெய்தால் பேய்மழை. சுற்றிலும் கடல். ஆனால் கோடையில் குழாயில் தண்ணீர் தினமும் வராது. ஒரு நாள் விட்டு வரும். சில சமயம் இரண்டு நாள் விட்டு வரும். எத்தனை மணிக்கு வரும் என்பது ஆண்டவனுக்கும் வால்வு திறக்கிறவருக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். அதனால் தெருவில் ஒரு சட்டம் உண்டு. குழாயில் முதல் சொட்டைப் பார்த்தவர் யாராக இருந்தாலும் கத்த வேண்டும். வங்காளியோ, தெலுங்கரோ, மலையாளியோ, தமிழரோ, கத்துவது எல்லோரும் ஒரே இந்தியில்தான். "பானி ஆ கயா!" தண்ணி வந்துருச்சு!

அந்தக் குரல் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். அவ்வளவுதான். சவரம் செய்துகொண்டிருந்தவர் பாதி முகத்தில் சோப்போடு வந்து நிற்பார். புருஷன் பெண்டாட்டி சண்டை பாதியில் நின்று, இருவரும் ஆளுக்கொரு பக்கெட்டோடு வந்து, தண்ணீர் பிடித்து முடித்து, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். நான் நடக்கப் பழகியதே அந்தக் குரலுக்கு எழுந்து ஓடத்தான் என்று அம்மா சொல்வாள். தமிழில் 'அம்மா' என்று கூப்பிட்டால்கூட நான் திரும்பிப் பார்க்க நேரமாகும். இதற்கு நேரமாகாது.

ஆட்டோக்காரர் குடத்தில் தண்ணீர் இருக்கிறது என்று தெரிந்ததும் ஒவ்வொரு வேகத்தடையிலும் நின்று, கும்பிட்டு, ஏறி இறங்கினார். என் முழங்கை கம்பியில் இடித்துக்கொண்டதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. "சிந்தலையே மேடம்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே வந்தார்.

பள்ளியின் பிரின்சிபல் மெயின்லேண்டிலிருந்து டிசம்பரில்தான் வந்திருந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத மனிதர். அவர் அறையில் கேன் தண்ணீர் தலைகீழாக நிறுத்தியிருந்தது. பொத்தானை அழுத்தினால் தண்ணீர் வரும் என்கிற நம்பிக்கையிலேயே வாழ்ந்தவர் அவர். அவரோடு என்னைத் தேர்வு செய்ய உட்கார்ந்தவர் மேரிகுட்டி டீச்சர். மலையாளி. அந்தப் பள்ளியில் ஆங்கிலத்துக்குப் பெரியவர். கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தால் எனக்கே அரைஞாண் கயிறு அவிழ்ந்த மாதிரி இருந்தது. (நான் கட்டுவதில்லை. இருந்தாலும்.)

வகுப்பு ஆரம்பித்தது. அன்றைக்கு நான் எப்படிப் பாடம் நடத்தினேன் என்று நானே சொல்லக்கூடாது. ஆனால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை என்பதால் சொல்கிறேன். பிரமாதமாக நடத்தினேன். வாழைப்பழத்தைத் தூக்கிக் காட்டினால் "கவுண்டபிள் மேடம்!" என்று கூரை அதிர்ந்தது. சர்க்கரையைக் காட்டினால் "அன்கவுண்டபிள்!" என்று கத்திவிட்டு நாக்கையும் சப்புக்கொட்டினார்கள். முட்டையை எடுத்தபோது ஒரு பையன் "வேகவெச்சதா மேடம்?" என்று கேட்டான். பிரின்சிபல் தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார்.

அடுத்து நான் குடத்தைத் தொட்டேன். "வாட்டர்?"

"கவுண்டபிள்!" என்றது மொத்த வகுப்பும், ஒரே குரலில்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுபடி கேட்டேன். மறுபடியும் அதே பதில், இன்னும் உரக்க. முன் பெஞ்சில் ரெட்டைச் சடை போட்ட சுமித்ரா என்கிற வங்காளிப் பெண் எழுந்து நின்று இந்தியில் விளக்கினாள். "எங்க வீட்ல எண்ணித்தான் எடுப்போம் மேடம். குளிக்க ஒரு பால்டி, துணிக்கு ரெண்டு, சமையலுக்கு ஒண்ணு." பால்டி என்றால் பக்கெட்.

"குளிக்க ஒண்ணா? எங்க வீட்ல அரைதான்" என்றான் ஒருவன்.

"எங்க அண்ணன் குளிக்கிறதே இல்ல" என்றான் அவனுக்குப் பின்னால் இருந்தவன்.

என்ன சொல்ல? பாடப்புத்தகம் எழுதியவர் எங்கேயோ ஆற்றங்கரையில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். இவர்களோ எங்கள் ஊர்ப் பிள்ளைகள். உள்ளுக்குள் எனக்கும் அவர்கள் பக்கம்தான் நியாயமாகப் பட்டது. ஆனால் வேலை வேண்டுமே! "நீ எண்ணுறது பால்டியை. தண்ணியை இல்லை. இங்க பாரு" என்று சொல்லி, குடத்தை உயரத் தூக்கி, பக்கெட்டுக்குள் சன்னமாக ஊற்றினேன். "இதை எண்ணு பாப்போம்."

வகுப்பே மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தது. எண்ணுகிறார்கள் என்று நினைத்தேன். இல்லை. சிந்திவிடுமோ என்று பயந்திருக்கிறார்கள். மேசை விளிம்பில் நாலு சொட்டு விழுந்ததும் சுமித்ரா பாய்ந்து வந்து தன் டிபன் பாக்ஸ் மூடியைக் கீழே பிடித்தாள். குடம் காலியாகி, பக்கெட் நிறைந்ததும்தான் எல்லோரும் மூச்சுவிட்டார்கள். "எண்ண முடியல மேடம்" என்றாள் சுமித்ரா, தோற்றுப்போன குரலில். பிரின்சிபல் முதல்முறையாகச் சிரித்தார். மேரிகுட்டி டீச்சர்கூடக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். எனக்குத் தெரிந்துவிட்டது, வேலை என் கையில். மாமாவின் புடவைகளை வேறு யாராவது மடித்துக்கொள்ளட்டும்.

அப்போதுதான் பின்கட்டிலிருந்து பள்ளிக்கூட ஆயாவின் குரல் கேட்டது.

"பானி ஆ கயா! ஜல்தி ஆவோ! பானி ஆ கயா!"

அடுத்து நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. என் கால்களைக் கேளுங்கள். காலிக் குடம் எப்போது இடுப்புக்கு வந்தது, நான் எப்போது வாசலைத் தாண்டினேன், எதுவும் எனக்குத் தெரியாது. வராந்தாவில் பாதி தூரம் போன பிறகுதான் பின்னால் ஏதோ இடி இடிப்பதுபோல் சத்தம் கேட்டுத் திரும்பினேன். ஆறாம் வகுப்பு மொத்தமும் வந்துகொண்டிருந்தது. தண்ணீர் பாட்டிலோடு சிலர், டிபன் பாக்ஸோடு சிலர். ஒருவன் பூச்செடி வைத்திருந்த காலித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதன் அடியில் ஓட்டை இருந்தது. அவன் அதைப் பற்றி நினைக்கும் நிலையில் இல்லை. எங்கள் எல்லோருக்கும் பின்னால், வெகு தூரத்தில், "மிஸ்! மிஸ்!" என்று பிரின்சிபலின் குரல் மட்டும் வந்தது. அந்த இடத்தில்தான் என் செருப்பு கழன்றது.

மைதானத்தின் மூலையில் ஒரே குழாய். சில நாளாகவே அந்தப் பக்கம் தண்ணீர் வரவில்லையாம். வந்த தண்ணீரும் மேல்தொட்டிக்கு ஏறுகிற அளவுக்கு வேகமில்லை. பிடித்தால்தான் உண்டு. மற்ற வகுப்புகளிலிருந்தும் பிள்ளைகள் கொட்டினார்கள். ஆயா திணறினாள். எனக்கா திணறல்? பிறந்ததிலிருந்து பார்க்கிற வேலை. "லைன் பனாவோ! வரிசையா நில்லு! சின்னப் பாத்திரம் முன்னால, பெரிய பாத்திரம் பின்னால! தள்ளாதே! பாட்டில் மூடியைக் கழட்டி ரெடியா வெச்சுக்கோ!" என்று ஒரு கையால் குழாயையும் ஒரு கையால் கூட்டத்தையும் பிடித்துக்கொண்டேன். என் வாழ்நாளில் ஒரு வகுப்பை அவ்வளவு ஒழுங்காக நான் நடத்தியதில்லை.

பிள்ளைகள் முறை முடிந்து என் குடத்தை வைத்தேன். பாதி நிறைந்திருக்கும். அந்த நேரம் பார்த்து என் தோளுக்கு மேலாக வளையல் போட்ட ஒரு கை வந்தது. என் குடத்தை நாசூக்காக நகர்த்திவிட்டு ஒரு பிளாஸ்டிக் கேனைக் குழாயடியில் வைத்தது.

ஷாதிபூர்ப் பெண்ணிடம் இதைச் செய்யலாமா? திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்தியில் பிடித்தேன் பிடி. "ஏ ஆன்ட்டி! லைன்னு ஒண்ணு இருக்கறது கண்ணுக்குத் தெரியலையா? இங்க நிக்கிற நாங்கல்லாம் இளிச்சவாயா? வெக்கமா இல்ல, இத்தன சின்னப் புள்ளைங்க பாக்குது?"

திடீரென்று சத்தமே இல்லை. குழாய்ச் சத்தம் மட்டும். சுமித்ரா என் புடவையைப் பிடித்து இழுத்தாள். திரும்பிப் பார்த்தேன். மேரிகுட்டி டீச்சர். நெற்றியில் வியர்வை, கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, இன்னொரு கையில் இன்னொரு கேன்.

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். விழுங்கவில்லை. டீச்சர் மூச்சு வாங்கியபடி, "மோளே, நான்தான் ஃபர்ஸ்ட் வந்தேன். இன்னொரு கேன் எடுக்கப் போயிருந்தேன்" என்றார்.

அந்த இடத்திலாவது நான் அடங்கியிருக்கலாம். என் தலையெழுத்தை எழுதுகிற ஆள் எதிரில் நிற்கிறார். ஆனால் குழாயடி நியாயம் என்று ஒன்று இருக்கிறதே? "போகும்போது ஒரு கேனை வெச்சிட்டுப் போயிருக்கணும் டீச்சர். பாத்திரம் இல்லாம எடம் இல்ல" என்று சொல்லி, கேனை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, என் குடத்தை மறுபடி வைத்தேன். டீச்சரும் இந்த ஊர்க்காரர்தானே. விதி அவருக்கும் தெரியும். எனக்குப் பின்னால் போய் நின்றார்.

சொட்டச் சொட்ட நனைந்து வகுப்புக்குத் திரும்பினால், பிரின்சிபல் விட்ட இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். அந்தப் பெரிய அறையில் அவரும் என் முட்டைகளும் வாழைப்பழங்களும் மட்டும். நான் குடத்துத் தண்ணீரை வகுப்பு மூலையில் இருந்த குடிதண்ணீர்ப் பானையில் ஊற்றிவிட்டு நிமிர்ந்தேன். இனி அவர் பேசியதைத் தமிழில் தருகிறேன். ஆங்கிலத்தில் இன்னும் மோசமாக இருந்தது.

"இதற்கு என்ன பெயர்?" என்றார்.

"தண்ணீர் சார்" என்றேன். வேண்டுமென்று சொல்லவில்லை. அவர் என்ன கேட்கிறார் என்று நிஜமாகவே புரியவில்லை.

"ஓர் ஆசிரியை வகுப்பை நடுவில் விட்டுவிட்டு ஓடலாமா?"

"விட்டுட்டு ஓடல சார். கூட்டிக்கிட்டுத்தான் ஓடினேன். பாருங்க, ஒரு பிள்ளையாவது இங்க மிச்சம் இருந்துச்சா?"

அவர் முகம் சிவந்தது. அதற்குள் மேரிகுட்டி டீச்சர் வந்து, இரண்டு கேன்களையும் மேசைக்கு அடியில் காலால் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். முந்தானையைப் பிழிந்துகொண்டே வாயைத் திறந்தார். எனக்காக ஒரு வார்த்தை சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "டிசிப்ளின் ரொம்ப முக்கியம் சார்" என்றார். காலடியில் கேன் ததும்பிக்கொண்டிருக்கும்போது! அடப்பாவமே, இப்படியும் உண்டா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரு கூச்சல் கேட்டதும் தன்னை மறந்து ஓடுகிறவரை நம்பி நான் எப்படிப் பிள்ளைகளை ஒப்படைப்பது?" என்றார் பிரின்சிபல்.

இந்த இடத்தில் ஒரு 'சாரி' சொல்லியிருந்தால் வேலை கிடைத்திருக்கும் என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள். இருக்கலாம். அவருக்குப் பின்னாலிருந்து மேரிகுட்டி டீச்சரும் கண்ணால் 'சொல்லு, சொல்லு' என்று ஜாடை காட்டினார். மதுரை என் கண் முன்னால் வந்து நின்றது. தொண்டை வரை அந்த வார்த்தையும் வந்தது. நனைந்த தலையோடு பெஞ்சில் உட்கார்ந்து, நிறைந்த பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தேன். வந்த வார்த்தை திரும்பிப் போய்விட்டது.

"சார், உங்க ரூம்ல கேன் தண்ணி இருக்கு. இந்தப் பிள்ளைங்க வீட்ல இல்ல. அந்தக் குரல் கேட்டும் கையைக் கட்டி உக்காந்திருக்கச் சொல்லிக்குடுக்கற டீச்சர்தான் வேணும்னா, நான் அந்த டீச்சர் இல்ல. நாளைக்குக் கூப்பிட்டாலும் ஓடத்தான் செய்வேன்."

"நாங்கள் தெரிவிக்கிறோம்" என்றார் அவர். (இன்னும் தெரிவிக்கவில்லை.)

முட்டை, பழம் எல்லாவற்றையும் பையில் போட்டேன். நிறைந்த பக்கெட்டையும் தூக்கிக்கொண்டேன். அது எங்கள் வீட்டுத் தண்ணீர். அதை எதற்கு விட்டுவிட்டு வர வேண்டும்? ஆட்டோவில் துளி சிந்தாமல் வீடு வரை கொண்டுவந்தேன். வழியெல்லாம் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் வந்தேன். ஆனால் ஜங்கிலிகாட் பக்கம் திரும்பியதும் கடலும் கப்பலும் கண்ணில் பட்டன. அந்தக் கப்பலைப் பார்த்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஓடியதற்காக அழவில்லை. என் ஊரை விட்டு என்னை அனுப்பிவிடுவார்களே என்றுதான் அழுதேன். ஆட்டோக்காரர் பக்கெட்டைத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

வீட்டு வாசலில் அம்மா நின்றாள். செய்தி எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. ஆயாவின் தங்கை எங்கள் தெருவில்தான் இருக்கிறாள். எங்கள் லைனிலும் தண்ணீர் வந்து போயிருந்தது. நல்ல பாத்திரங்கள் என்னோடு வந்துவிட்டதால் அம்மா குக்கர், இட்லிச் சட்டி, ஊறுகாய் ஜாடி வரை எல்லாவற்றிலும் பிடித்து வைத்திருந்தாள். தெருவே கேட்கும்படி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"வேலை போனா போவுது, குடம் எங்கடி?"

வகுப்பு மூலையில் மறந்துவிட்டு வந்த குடத்தை ஆயா சாயங்காலம் தங்கையிடம் கொடுத்தனுப்பினாள். அதே நேரம் மதுரை மாமாவும் கூப்பிட்டார். பிரபு அதற்குள் மாமா பிள்ளைகளுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் ஒப்பித்திருந்தான். அப்பா எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். எஞ்சின் சத்தத்திலேயே காலம் போய், காது கொஞ்சம் மந்தம். மாமா சிரித்த சிரிப்பில் அந்தப் போனே குலுங்கியது. பின்னால் அவர் பிள்ளைகள் சிரிப்பதும் கேட்டது.

"என்ன மாப்ள, உங்க மக இன்டர்வியூல பாதில எந்திரிச்சுக் குடத்தத் தூக்கிட்டு ஓடுனாளாமே! வெளிய தெரிஞ்சா எவன் கட்டிக்குவான்? பேசாம கப்பல்ல ஏத்தி விடுங்க. இங்க கொழாயத் தொறந்தா நாள் முழுக்கத் தண்ணி. ஒரு எடத்துல உக்காந்திருக்கப் பழகிக்குவா."

நான் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா போனைக் கையில் எடுத்து, ஏதோ எஞ்சினில் புதுச் சத்தம் கேட்டதுபோல் சற்று நேரம் பார்த்தார். பிறகு பேசினார். அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

"மச்சான், தண்ணி வந்துருச்சுன்னு சத்தங் கேட்டும் என் மக எந்திரிக்காம உக்காந்திருந்தான்னு வைங்க, அப்பதான் நான் வெக்கப்பட்டிருப்பேன். அவ ஓடுனா. அத்தன புள்ளைங்களையும் இட்டுக்கிட்டு ஓடுனா. எல்லாத்துக்கும் பிடிச்சுக் குடுத்துட்டுத்தான் தன் குடத்த வெச்சா. அவ எங்கயும் வரல. போன வைங்க."

அவர் வைக்கச் சொன்னாரே தவிர, மாமா வைப்பதற்குள் அவரே வைத்துவிட்டார். என் அப்பா என்னைப் பற்றி அத்தனை வார்த்தைகள் சேர்ந்தாற்போல் பேசியது அதுதான் முதல்முறை. நான் ஓவென்று அழுதேன். அவருக்குக் கூச்சமாகிவிட்டது. "நாளைக்கு வேற ஸ்கூல்ல போய்க் கேளு. குடத்த மட்டும் வீட்ல வெச்சிட்டுப் போ" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

வேறு பள்ளிக்கூடம் எதற்கும் நான் போகவேண்டி வரவில்லை. அந்த வாரமே சுமித்ராவை அவள் அம்மா கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "பானி வாலி மேடம் வீடு இதுதானே?" என்றார். தண்ணி டீச்சர் வீடு. "இங்கிலீஷ்னாலே ஓடிருவா. அன்னிக்கு வீட்டுக்கு வந்து பக்கெட்டையும் தண்ணியையும் வெச்சுக்கிட்டு எனக்கே பாடம் எடுத்தா. இவளுக்கு நீங்கதான் ட்யூஷன் எடுக்கணும்." அவரைப் பார்த்து இன்னொருவர், அவரைப் பார்த்து இன்னொருவர் என்று முன்னறை நிறைந்துபோனது. இன்றுவரை நிறைந்தே இருக்கிறது. தண்ணீர் வந்தால் வகுப்புக்கு இடைவேளை. எல்லோரும் ஓடுவோம், எல்லோரும் திரும்பி வருவோம், பாடம் தொடரும். அந்தப் பிரின்சிபல் அடுத்த கோடை வருவதற்குள் மெயின்லேண்டுக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அவர் மீது இப்போது கோபமே இல்லை என்று சொல்லத்தான் ஆசை.

கல்யாணம்? அதையும் மாமா பார்க்கவில்லை. சிப்பிகாட்டில் காய்கறித் தோட்டம் வைத்திருந்த குடும்பம் ஒன்று பெண் பார்க்க வந்தது. காபியை நீட்டியதுமே மாப்பிள்ளையின் அம்மா, "அந்தத் தண்ணி டீச்சர்ங்கிறது நீதானாம்மா?" என்று கேட்டுவிட்டார். அம்மாவுக்கு முகம் செத்துப்போனது. "ஆமா, நான்தான்" என்றேன், தட்டைக் கீழே வைக்காமலேயே. மாப்பிள்ளை அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"குழாயடிக்கு நீங்கதான் ஃபர்ஸ்ட்டா?"

பொய் சொல்லியிருக்கலாம். "இல்ல. செகண்ட்" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் காபி வேட்டியில் கொட்டியது. அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அதன் பலனை இன்றுவரை அனுபவிக்கிறேன். வீட்டில் எந்தச் சண்டையிலாவது நான் ஜெயிக்கப் போகிறேன் என்று தெரிந்தால் போதும், அந்த மனுஷன் பிள்ளைகளைப் பார்த்து, "என்ன இருந்தாலும் மேரிகுட்டி டீச்சர்தாம்ப்பா ஃபர்ஸ்ட்" என்பார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். விருந்தாளிகள் இருந்தால் அவர்களும் சிரிப்பார்கள்.

சிரிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். மேரிகுட்டி டீச்சரின் நாற்காலி கதவை ஒட்டிப் போட்டிருந்தது. நான் நின்றது கரும்பலகைப் பக்கம். நடுவில் மேசை. மேசை மேல் முட்டைகள். ஒரு முட்டைகூட உடையாமல் சுற்றிக்கொண்டு, இடுப்பில் குடத்தோடு, புடவையில் ஓடியவள் நான். ஒரே இடத்திலிருந்து எங்கள் இருவரையும் ஓடவிட்டிருந்தால் அந்த அம்மா என் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு வந்திருப்பார். இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் யாரும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டாம்.